மூன்றாம் கட்டிலின் கைகள்

லூர்து மேரி கதை கட்டுகிறவள் இல்லை. பேய் என்று யாராவது வாயெடுத்தாலே சிரிக்கிற நர்ஸ். அவளே சிலுவை போட்டுக்கொண்டு சொன்னது இது. நம்பாதவர்கள் நம்பாமல் போகட்டும்.

1966, ஜூலை. தாராவியில் ஒரு சின்ன நர்சிங் ஹோம். அவள் வேலைக்குச் சேர்ந்து இரண்டாம் நாள். மழையில் கரண்ட் போய், பட்டப்பகலில் அரிக்கேன் விளக்கு எரிந்தது. சர்க்கரை முற்றி நினைவு தப்பிய சண்முகவடிவு என்ற பெண்ணைக் கொண்டுவந்து போட்டார்கள். சிறுநீரை நீல மருந்தில் விட்டுக் காய்ச்சிப் பார்த்தால் செங்கல் நிறம். மூச்சில் அழுகிய பழவாடை. பக்கத்துச் சயானில் வெள்ளத்தில் மாட்டிக்கொண்ட டாக்டர் போனில் அளவைச் சொல்லிவிட்டு, "பிளெயின் இன்சுலின நரம்புல போட்டுருங்க. நான் வர்ற வரைக்கும் தாங்காது" என்றார்.

பிரிட்ஜ் இல்லாத இடம். இன்சுலின் பாட்டில்களைப் பானைத் தண்ணீரில் போட்டு வைப்பது வழக்கம். இருந்தவை இரண்டு. ஒன்று தெளிந்த பிளெயின், மற்றது கலங்கல். இரண்டிலும் லேபிள் ஊறிக் கழன்றிருந்தது. கலங்கல் மருந்து தோலுக்கு அடியில் மட்டும். நரம்பில் ஏறினால் ஆளே போய்விடும். ஆனால் இரண்டும் தெளிவாகத்தான் தெரிந்தன. ஒன்றிலிருந்து ஊசியில் ஏற்றினாள்.

"சீக்கிரம் போடுங்க சிஸ்டர், பிள்ளைக்கு மூச்சு இழுக்கு" என்று தாய் முருகம்மாள் அழுதாள்.

அப்போதுதான் அந்தச் சத்தம். சளக்... சளக்...

பக்கத்தில், மூன்றாம் கட்டிலில் ஒரு கிழவர். சீழ் வழிகிற உள்ளங்கைகளை ஒன்றோடொன்று வைத்து உருட்டிக்கொண்டிருந்தார். மூத்திர நாற்றம். விரல் இடுக்கெல்லாம் எறும்பு. மேரி அதட்டினாள்.

"பெரியவரே, கைய சும்மா வச்சிருக்கமாட்டீரா?"

முருகம்மாள் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

சளக்... சளக்...

ஊசி முனை தோலைத் தொட்டது. சத்தம் வேகமானது. கிழவரின் கண் பாட்டிலையே பார்த்தது...

மேரியின் கை நின்றது.

கலங்கல் மருந்தை அப்படித்தான் உருட்டிக் கலக்குவார்கள். பாட்டிலை எடுத்து உருட்டினாள். அடியில் ஒட்டியிருந்த வண்டல் எழும்பியது...

பால்.

ஊசியைப் பீச்சி எறிந்தாள். மற்றதை உருட்டினாள். தெளிவாகவே இருந்தது. அதைப் போட்டாள்.

சாயங்காலம் பெண் கண் திறந்தாள். கார்பாலிக் சோப்பால் எத்தனை தடவை கழுவியும் மேரியின் கையை விட்டு அந்த நாற்றம் போகவில்லை. கம்பவுண்டர் பூலோகத்திடம் கேட்டாள்.

"மூணாம் கட்டில்ல இருக்க பெரியவரு யாரு?"

"அதுல ஆளே இல்லையே சிஸ்டர். போன மாசம் ஒருத்தர் செத்தாரு. வாய் பேச வராது. அவருக்குத் தெனம் தோலுக்கடியில போடுற கலங்கல் மருந்தத் தெரியாம நரம்புல போட்டுட்டாங்க."

பூலோகம் தரையைப் பார்த்தார்.

"அன்னைக்கு அந்த ஊசியப் பாத்ததும் கையோட கைய உருட்டிக்கிட்டே இருந்தாரு. கிறுக்குன்னு நெனச்சு, நான்தான் ரெண்டு கையையும் கட்டிலோட கட்டுனேன்."