அமாவாசையன்று நின்ற தறிகள்

கிரேஸ் கட்டட வேலைக்காரி. வார்த்துக் கொண்டுவரும் கான்கிரீட் தூண்களை ஒன்றன்மேல் ஒன்றாக நிறுத்தும்போது, கீழ்த்தூணின் கம்பிகள் மேல்தூணில் உள்ள குழாய்களுக்குள் நுழையும். அந்தக் குழாய்களில் சிமெண்டுக் கலவை நிரப்புவது அவள் வேலை. நிரம்பாவிட்டால் பூமி அதிரும்போது தூண்களுக்குப் பிடிப்பு இருக்காது.

பிள்ளையார்பாளையத்தில் அவள் குடியிருக்கும் மாடிவீடும் அப்படிக் கட்டியதுதான். கீழ்த்தளத்தில் தறிகள் இருப்பதால் எப்போதும் லேசாக அதிரும். படுக்கையில் கிடக்கும் அவள் மாமனார் வீராசாமியைக் கவனிக்க நான் தினமும் போகிறேன். போன வாரம் கட்டிலருகே தூணின் பூச்சு உதிர்ந்து ஒரு துளை தெரிந்தது. கிரேஸ் அதில் கம்பியை விட்டாள். முழுவதும் உள்ளே போயிற்று; குழாயில் கலவையே இல்லை. வீட்டுக்காரர் ஆளனுப்பி மேலே பூசிவிட்டார். அன்றிலிருந்து வேறு வீடு தேடுகிறாள். கிடைக்கவில்லை.

இன்று காலை நான் கொண்டுபோன டம்ளரில் தண்ணீர் நடுங்கியது.

“கீழ தறி ஓடுதும்மா,” என்றார் வீராசாமி.

“இன்னிக்கு அமாவாசை மாமா. எவன் தறியில உக்காருவான்?” என்றாள் கிரேஸ்.

அவருக்கடியில் இருந்த போர்வையை இருபுறமும் சுருட்டினேன். “தலைப்பக்கம் நீ பிடி.”

“இன்னும் உசுரு இருக்குதுடி, அதுக்குள்ள தூக்கிக்கினு போறீங்களே!”

“பேசாம வா மாமா.”

படியிறக்கித் தெருவின் எதிர்ப்புறம் கிடத்தினோம். மேல்மாடியில் குடியிருக்கும் கமலவேணி எட்டிப் பார்த்தாள். “இன்னா கிரேசு, மாமனாருக்கு வெயில் காட்றியா?”

“ஆடுதுக்கா, எறங்கி வா!”

“நம்ம வூடு எப்பவும் ஆட்றதுதானேம்மா,” என்று சிரித்தபடி உள்ளே போனாள்.

என் காலடியில் தரை மறுபடி அதிர்ந்தது. கிரேஸ் படிக்கட்டை நோக்கி ஓடினாள்.