அவள் குரலுக்கு ஒரு ஸ்பீக்கர்

மனைவி இறந்த அடுத்த வருஷம் எனக்கு ஸ்பீக்கர் பைத்தியம் பிடித்தது. சர்ச்சில் எங்கள் தமிழ் ஆராதனையின் பாடகர் குழுவில் அவள் ஆல்ட்டோ, அதாவது பெண்களில் கீழ்க்குரல் பாடுகிற வரிசை. ஓரத்தில் நிற்பாள். வீட்டில் பாடச் சொன்னால் பாட மாட்டாள். போனை நீட்டினால் வாயை மூடிக்கொள்வாள். அவளுடைய கடைசிக் கிறிஸ்துமஸ் ஆராதனையை மட்டும் நல்ல மைக் வைத்துப் பதிவு செய்திருந்தார்கள். மல்காஜ்கிரி வீட்டுப் பழைய ஸ்டீரியோவில் அதைப் போட்டால் எல்லோர் குரலும் குழைந்த சோறாக வரும். உள்ளே எங்கேயோ இருக்கிறாள், நல்ல ஸ்பீக்கர் கிடைத்தால் பிரித்துக் கேட்டுவிடலாம் என்று நம்பினேன்.

பதிவைப் பென் டிரைவில் போட்டுக்கொண்டு, மகளையும் இழுத்துக்கொண்டு கடை கடையாக ஏறினேன். அவளும் குழுவில் அம்மாவுக்குப் பக்கத்தில் நின்று பாடுகிறவள்தான். எங்கே போனாலும் முதலில் டிரம் சத்தம் போட்டுக் கண்ணாடிக் கதவை அதிர வைத்தார்கள். நான் என்ன கல்யாண மண்டபமா நடத்துகிறேன்? எனக்கு வேண்டியது மனிதக் குரல். இதில் மேல்குரல் பாடும் சோப்ரானோ காதைக் குத்துகிறது, அதில் ஆண்கள் ஜலதோஷம் பிடித்த மாதிரி பாடுகிறார்கள் என்று எல்லாவற்றையும் திட்டிவிட்டு வந்தேன். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம், அந்தக் கதைதான் என்று கடைக்காரர்கள் நினைத்திருப்பார்கள். மகள் மட்டும் பழசே போதும், வீட்டுக்குப் போகலாம் என்று சொல்லிக்கொண்டே இருந்தாள்.

கொண்டாப்பூர் கடையில் இடுப்புயரப் பெட்டிகள். கண்ணை மூடிக் கேட்டேன். அடேயப்பா, ஆல்ட்டோ வரிசை முழுதும் ஒவ்வொருவராக எதிரே வந்து நின்றது. மூக்கால் பாடும் டீச்சரம்மா. எப்போதும் அவசரப்பட்டு முந்துகிற நர்ஸ். அடுத்து என் மகள். அவளுக்கு அந்தப் பக்கம், ஓரத்தில், ஒன்றுமில்லை. மறுபடி போடச் சொன்னேன். அப்போதும் இல்லை. இதுவும் வெறும் டப்பாதான் என்று சேல்ஸ்மேனிடம் எரிந்து விழுந்தேன்.

மகள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஸ்பீக்கர் நல்லாத்தான் இருக்கு டாடி. மம்மி அன்னிக்குப் பாடவே இல்ல."

முன்வரிசையில் உட்கார்ந்து நானே பார்த்தேனே, வாய் அசைந்ததே என்றேன்.

"வாய் மட்டும்தான் அசைச்சாங்க. மூச்சு வாங்குச்சு. உட்காருங்கன்னு சொன்னேன், நக்கோ, வேணாம்னுட்டாங்க. உட்கார்ந்தா டாடி பயந்துடுவாருன்னாங்க."

அங்கேயே அழுதுவிட்டேன். வெட்கமாக இருந்தது, ஆனால் அடக்க முடியவில்லை. சேல்ஸ்மேன் பாட்டை நிறுத்திவிட்டுத் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார்.

எதுவும் வாங்காமல் திரும்பினோம். வீட்டில் பழைய ஸ்டீரியோவில் அதே பதிவைப் போட்டேன். அதே குழைந்த சோறு. இத்தனை மாதம் அதற்குள் எங்கேயோ இருந்தவள், இப்போது அதிலும் இல்லை.