நாற்பது எண்ணும் வரை

அண்ணனுடைய ரிமோட் பெட்டி இப்போது என் பீரோவின் மேல்தட்டில் இருக்கிறது. சாம்பல் நிறம். இழுக்க இழுக்க நீளும் ஏரியல், இரண்டு கட்டைவிரலுக்கும் இரண்டு குச்சிகள். இடது குச்சியின் முனை உடைந்தபோது அண்ணன் ஒரு பேனா மூடியை வெட்டி அதில் மாட்டியிருந்தான். அது இன்னும் அப்படியே இருக்கிறது. அவனுடைய பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் மூத்த மகள் இதைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்து என்னிடம் கொடுத்தாள். “அப்பா இத யாரையும் தொடவிட மாட்டாவ அத்தை. நீங்களே வச்சுக்கிடுங்க” என்றாள். வாங்கியதும் நான் அந்தப் பேனா மூடியை விரலால் மறைத்துக்கொண்டதை அவள் துக்கம் என்று நினைத்திருப்பாள்.

எண்பதுகளின் நடுவில் ஒரு வருஷம். துபாயில் ஏ.சி. மெக்கானிக்காக இருந்த அண்ணன், கம்பெனியை மூடிவிட்டார்கள் என்று சங்கரன்கோவிலுக்குத் திரும்பி வந்தான். மற்றவர்கள் டேப்ரிக்கார்டரும் செண்ட் பாட்டிலும் கொண்டுவந்தார்கள். இவன் ஒரு மரப்பெட்டியில் இரண்டு முழ நீளத்துக்கு ஹெலிகாப்டர் கொண்டுவந்தான். முதலாளியின் மகன் உடைத்துத் தூக்கிப்போட்டதை எடுத்துப் பழுது பார்த்து வைத்திருந்தானாம். பழுது பார்த்தானே தவிர ஒருநாளும் பறக்கவிட்டதில்லை. எட்டு மாதம் வேலை இல்லாமல் இருந்தான். இரண்டு பெண்பிள்ளைகள். மதினி பேச்சைக் குறைத்துக்கொண்டே வந்தாள்.

குற்றாலத்துக்குப் படப்பிடிப்புக்கு வந்தவர்களின் ஜெனரேட்டர் நின்றுபோய், அதைச் சரிசெய்ய அண்ணன் ஒருநாள் கூலிக்குப் போனான். அங்கே கேமராக்காரரிடம் இந்த ஹெலிகாப்டரைப் பற்றிச் சொல்லியிருக்கிறான். அவர், “ரெண்டு நிமிஷம் ஆடாம அந்தரத்துல நிறுத்திக் காட்டுங்க. கேமராவைக் கட்டிப் பறக்கவிட எனக்கு ஒரு ஆள் வேணும். மெட்ராஸ்ல நிரந்தர வேலை. ஆடித் தபசு முடிஞ்சதும் வந்து பார்க்கிறேன்” என்றாராம். அன்று அண்ணன் வீட்டுக்கு வந்த வேகம் இன்னும் கண்ணில் நிற்கிறது. செருப்பைக்கூடக் கழற்றவில்லை. “ரெண்டே ரெண்டு நிமிசம்தாம்ட்டி” என்று என்னிடம் இரண்டு விரலைக் காட்டினான். ஆடித் தபசுத் திருவிழாவுக்கு இன்னும் இரண்டு மாதம் இருந்தது.

நான் அப்போது டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். ஏழு மணிக்கு முதல் வகுப்பு. அதற்கு முன்னால், காற்று எழும்பாத நேரமாகப் பார்த்து, ஊருக்கு மேற்கே வற்றிக் கிடந்த குளத்துக்குப் போவோம். சைக்கிள் கேரியரில் எஞ்சினைக் கிளப்ப ஒரு கார் பேட்டரி, அண்ணன் தோளில் இயந்திரம், என் கையில் எண்ணெய்ப் பாட்டில். மதுரையில் வாங்கிய மெத்தனாலில் விளக்கெண்ணெயைக் கலந்து ஊற்ற வேண்டும். அந்தப் புகை என் சேலையில் ஏறிவிடும். வகுப்பில் பிள்ளைகள் மூக்கைச் சுளிப்பார்கள். அவன் ஒரு கையால் இயந்திரத்தை அமுக்கிக்கொண்டு எஞ்சினைத் திருகும்போது ரிமோட்டை நான்தான் பிடித்திருப்பேன். எந்தக் குச்சியை நகர்த்தினால் எது அசைகிறது என்பது அப்படித்தான் எனக்குத் தெரிந்தது.

ஹெலிகாப்டர் பொல்லாத சாமான். விட்டால் விழும், அழுத்திப் பிடித்தாலும் விழும். வலப்பக்கம் சாய்ந்தது என்று அண்ணன் இடப்பக்கம் இழுப்பான். அது இன்னும் வேகமாக இடப்பக்கம் ஓடும். மூக்கு நம்மைப் பார்த்துத் திரும்பிவிட்டாலோ இடது வலதாகிவிடும், பிறகு தெய்வம் விட்ட வழி. ஒருநாள் அவனுக்கு ஒரு யோசனை வந்தது. துள்ளுகிற கன்றை முளையடித்துக் கட்டித்தானே பழக்குகிறோம், இதையும் கட்டினால் என்ன? குளத்தில் முளை அடித்து ஒரு முழக் கயிற்றில் கட்டினான். எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. அது எழும்பியது, கயிறு ஒரு பக்கமாக விறைத்தது, அந்தப் பக்கமே சாய்ந்து, இறக்கை தரையில் அடித்துச் சுக்குநூறானது. மாடு ஓட்டிவந்த பக்கத்துக் காட்டுக்காரர், “என்னவே, கன்னுக்குட்டி அத்துக்கிட்டுப் போயிட்டோ?” என்று கேட்டுச் சிரித்தார். அண்ணனும் சிரித்தான். சிரித்துக்கொண்டே தரையில் உட்கார்ந்தவன் வெகுநேரம் எழுந்திருக்கவில்லை.

மூன்று ஜோடி இறக்கைகளில் இரண்டு போய்விட்டன. தச்சரிடம் வாகை மரத்தில் செய்து பார்த்தான். எடை ஒத்துவராமல் இயந்திரமே ஜன்னி கண்டதுபோல் நடுங்கியது. மதினி கோவிலுக்குப் போய்ப் பாம்பு உருவமும் தேள் உருவமும் வாங்கி உண்டியலில் போட்டுவிட்டு வந்தாள். விஷ ஜந்து தீண்டாமல் இருக்கப் போடுவது அது. “ஹெலிகாப்டர் உரு கடையில இல்ல. என்ன செய்யச் சொல்லுத?” என்று என்னிடம் கேட்டாள். அவள் வேடிக்கைக்குச் சொல்லவில்லை. அண்ணன் சோற்றைப் பிசைந்தபடி இரண்டு கட்டைவிரல்களையும் தட்டில் அசைத்துக்கொண்டிருந்தான். சாப்பிடாமலே எழுந்து கை கழுவினான்.

அவனுடைய பிழை எனக்குப் புரிந்துவிட்டிருந்தது. ஸ்பானர் பிடித்த கை அது. குச்சியையும் ஸ்பானரைப்போலவே பிடித்தது. புதிதாக டைப் பழக வருகிறவர்களும் எழுத்தைக் குத்துவார்கள். விரலைச் சும்மா வை, அது தானாகப் போகும் என்று நான் தினமும் சொல்லுகிறவள். ஒருநாள் மெல்லச் சொன்னேன். “அண்ணே, கொஞ்சம் லேசாப் பிடிச்சுப் பாரேன்.” அவன் திரும்பிப் பார்த்த பார்வை! “டைப் அடிக்கதும் இதுவும் ஒண்ணாட்டி? வாய மூடிக்கிட்டு நில்லு.” நானும் ரோஷக்காரிதான். வாயை மூடிக்கொண்டேன்.

தபசுக்கு நாலு நாள் முன்பு அவன் மெத்தனால் வாங்க முதல் பஸ்ஸில் மதுரைக்குப் போனான். நான் கடைசி ஜோடி இறக்கையை மாட்டி, தனியாகக் குளத்துக்குக் கொண்டுபோனேன். எந்தத் தைரியத்தில் செய்தேன் என்று இன்றைக்கும் தெரியவில்லை. அது உடைந்திருந்தால் அந்தக் குடும்பத்தின் வாயில் நான் மண்ணள்ளிப் போட்டவள் ஆகியிருப்பேன். பாட்டிலில் மிச்சமிருந்ததை ஊற்றி, ரிமோட்டைத் தரையில் வைத்துவிட்டு எஞ்சினைத் திருகினேன், பிடித்தது. பேனா மூடியின்மேல் விரலை வைத்தேன், அழுத்தவில்லை. அது தரையை விட்டு எழும்பி, என் இடுப்பு உயரத்தில் நின்றது. நின்றுகொண்டே இருந்தது. நாற்பது வரை எண்ணினேன். மெதுவாக இறக்கினேன். அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. துடைத்து, இருந்த இடத்தில் வைத்துவிட்டு வகுப்புக்குப் போனேன். அன்று மாலை அண்ணன் பஸ் விட்டு இறங்கி வந்த முகத்தைப் பார்த்ததும் சொல்ல முடியவில்லை. இரண்டு மாதமாக அவனுக்கு வராதது தங்கச்சிக்கு ஒரே நாளில் வந்தது என்று எந்த வாயால் சொல்வது?

கேமராக்காரர் சொன்னபடி வந்தார். ஆனால் பத்து மணிக்கு வந்தார். ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும் என்பார்கள், இது எம்மாத்திரம்? நாளை விடியற்காலை வரச்சொல் என்றேன். பெரிய மனுசரைக் காக்கவைப்பதா என்று அண்ணன் மறுத்துவிட்டான். ரிமோட்டை வாங்கும்போது அவன் விரல் ஐஸாக இருந்தது. கொடு, நான் நிறுத்திக்காட்டுகிறேன் என்று தொண்டை வரை வந்தது. ஹெலிகாப்டர் முழங்கால் உயரம் எழும்பியது, வலப்பக்கம் சாய்ந்தது, அவன் இழுத்தான், அது குப்புற அடித்தது. மொத்தமும் பத்து எண்ணும் நேரம்தான். கேமராக்காரர் நல்ல மனிதர். “பரவாயில்லை, பார்ப்போம்” என்று தோளைத் தட்டிவிட்டுப் போனார். அதன்பிறகு அவர் வரவில்லை.

அண்ணன் வேட்டியை மடித்துப் பிடித்து, சிதறிய இறக்கைச் சிம்பு ஒவ்வொன்றையும் பொறுக்கினான். பொறுக்கி முடித்து என்னைப் பார்த்தான். “ஏட்டி, நெசமாச் சொல்லு. இந்தச் சவத்த ஒரு மனுசனால நிப்பாட்ட முடியுமா?”

“முடியாதுண்ணே” என்றேன்.

அந்த நேரத்துக்கு அது ஆறுதலாகத்தான் இருந்தது. அவன் பெருமூச்சு விட்டான். மதியம் இரண்டு வாய் சாப்பிட்டான். ஒரு மாதத்தில் திருப்பூருக்கு மில் வேலைக்குப் போய், கடைசிவரை அங்கேயே இருந்தான். ஹெலிகாப்டரைத் திரும்பத் தொடவில்லை.

பெட்டியைக் கொடுத்த அன்று அவன் மகள் இன்னொன்றும் சொன்னாள். “இதப் பத்தி யாராவது கேட்டா அப்பா சொல்லுவாவ, அது மனுசனால ஆகாத காரியம், கூட இருந்து பாத்த எங்க தங்கச்சியே சொன்னா அப்படீன்னு.” முப்பது வருஷம் அவன் என் பொய்யைப் பிடித்துக்கொண்டு வாழ்ந்திருக்கிறான். உண்மையைச் சொல்லியிருந்தால் என்னைத் திட்டியிருப்பான், ஒருவேளை அடித்திருப்பான், மறுநாள் விரலைத் தளர்த்திப் பழகியிருப்பான்.

சில சமயம் விடியற்காலையில் அந்தப் பெட்டியை எடுத்து மடியில் வைத்துக்கொள்வேன். பேனா மூடியின்மேல் கட்டைவிரலை லேசாக வைத்து எண்ணுவேன். நாற்பது வந்ததும், “முடியும்ணே” என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டு, மறுபடி பீரோவில் வைத்துப் பூட்டுவேன்.