அக்காவின் திராட்சைப் பந்தல் ஆட்டம்

அக்காவைப் பற்றி எழுத உட்கார்ந்தால் அழுகைக்கு முன்பே அசதி வந்துவிடுகிறது. அவர் மறைந்து ஓராண்டு ஆகியும் அது தீரவில்லை. உறவினர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

கடமலைக்குண்டில் பிறந்த அக்கா, அப்பா முகம் கொடுத்துப் பேசாத நாட்களிலும் மதுரைக்கு பஸ்ஸில் போய்வந்து நடனம் கற்றார். பிறகு கம்பத்தில் குடியேறி, பள்ளி ஆண்டு விழாக்களுக்கு நடனம் அமைத்துக் கொடுத்துப் பிழைத்தார். திருமணம் கூடிவரவில்லை. என் கணவர் காலமான பின் நானும் கம்பத்தில் அவரோடு தங்கிவிட்டேன்.

விடுமுறை என்றால் அக்கா திராட்சைத் தோட்டத்தில்தான் இருப்பார். பந்தலுக்கடியில் நாள் முழுக்கக் கைதூக்கி வேலை செய்யும் பெண்களின் அசைவுகளை ஓர் ஆட்டமாக்க நினைத்து, அவர்களிடம் டேப் ரிக்கார்டரை நீட்டிக் கேள்வி மேல் கேள்வி கேட்பார். அது போதாதென்று வீட்டின் பின்புறம் தானே கொடி வைத்தார். கொடியைக் கழித்துக் கவாத்து வெட்டாதவளால் அந்த அசைவை அமைக்க முடியாதாம். தண்ணீர் ஊற்றியது என்னவோ நான்தான்.

அந்த ஆட்டம் தேனியில் ஒரு விழாவில் மேடையேறியது. ஆடியவர்கள் தோட்டத்துப் பெண்களே. தோட்டத்தில் உள்ள உயரத்துக்கே மேடையிலும் பந்தல் போட்டு, நிஜக் கொடிகளைக் கட்டினார் அக்கா. முன்னால் தொங்கிய இலைகள் கைகளையும் முகங்களையும் மறைத்துவிட்டன. கூட்டம் பாதியிலேயே எழுந்து போனது. அடுத்த முறை பந்தலை உயர்த்தும்படி விழாக் குழுவினர் சொன்னார்கள்.

"பந்தல் ஒசந்தா அது கல்யாண வீடுங்க. அங்கன எவ கையத் தூக்கிக்கிட்டு நிப்பா?" என்றார் அக்கா.

பிறகு அழைப்பே வரவில்லை. ஒரே ஒரு முறையாவது அதை நாலு பேர் முழுதாகப் பார்க்க வேண்டும் என்பதே அவர் பேச்சாக இருந்தது. படுக்கையில் விழுந்த பிறகும் அதேதான். கேட்டுக் கேட்டு எனக்குச் சலித்துவிட்டது.

வெக்கை தாங்காமல் ஒருநாள் அவர் கட்டிலைப் பின்புறக் கொடிப்பந்தலுக்கடியில் போட்டேன். நலம் விசாரிக்க வந்த தோட்டத்துப் பெண்கள் பழுத்த குலைகளைப் பறித்துக்கொண்டிருந்தார்கள்.

"ஏத்தா, கீழ கெடந்து பாத்தா அத்தன கையும் தெரியுது. இம்புட்டு நாளும் சனத்த நாக்காலியில உக்கார வச்சுட்டேனே" என்றார் அக்கா.

அடுத்த ஞாயிறே அந்தப் பெண்கள் அதே பந்தலுக்கடியில் அந்த ஆட்டத்தை ஆடினார்கள். அக்கா கட்டிலிலும் அக்கம்பக்கத்தார் பாயிலும் படுத்தபடி பார்த்தார்கள்.

கூலியை விட்டுவிட்டு வந்த அந்தப் பெண்களுக்கும், பாய் கொண்டுவந்த அண்டை வீட்டாருக்கும், கடைசி வரை ஊசி போட வந்த நர்சம்மாவுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. அன்று எல்லோருக்கும் காப்பி போட நான் அடுப்படியில் நின்றுவிட்டேன். ஆட்டத்தைப் பார்க்கவில்லை. பார்த்தவர்கள் வீட்டுப் பக்கம் வந்தால், எப்படி இருந்தது என்று எனக்குச் சொல்லுங்கள்.