அப்பா வேண்டாமென்ற பணம்

சோற்றைப் பிசைந்த கையை அப்படியே நிறுத்திக்கொண்டு அக்கா அப்பாவைப் பார்த்த பார்வை இன்னும் என் கண்ணில் நிற்கிறது. திருவானைக்காவல் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாடு. "நம்ம தெருவுலயே இன்னும் நாலு பேர் டெபாசிட் போடறேன்னு சொல்லியிருக்காங்க" என்று அப்பா சந்தோஷமாகச் சொன்னார். அக்காவின் முகம் வெளுத்துவிட்டது.

ஐம்பதுகளின் கடைசி அது. பெரிய கடைவீதியில் ஒரு சிறிய தனியார் வங்கியில் அப்பா தலைமைக் குமாஸ்தா. அக்கா எம்.லிட். செய்துகொண்டிருந்தாள். அதற்கு வகுப்பு கிடையாது. ஆராய்ந்து ஓர் ஆய்வேடு எழுதித் தர வேண்டும். சிறு வங்கிகள் யாருக்குக் கடன் கொடுக்கின்றன என்பது அவள் எடுத்துக்கொண்ட பொருள். வெயிலில் குடை பிடித்துக்கொண்டு கடை கடையாக ஏறி விசாரிப்பாள். ஆரம்பத்தில் வீடு திரும்பியதும் ஓயாமல் பேசியவள், போகப் போகப் பேச்சைக் குறைத்துக்கொண்டாள். அப்பாவின் வங்கியில் கடைக்காரர்கள் யாருக்கும் கடன் கிடைக்கவில்லை. வாங்கியவர்கள் எல்லாம் சேர்மனின் மைத்துனர்கள், சம்பந்திகள். அவர்கள் கட்டுவதாகச் சொன்ன மில்லுக்கு இன்னும் கூரைகூட ஏறவில்லை.

அவளுடைய பேராசிரியர் பயந்துபோனார். "வெளியில சொன்னா ஜனங்க ஒரே நாள்ல வந்து பணத்தைக் கேப்பாங்க, பாங்க் விழுந்துடும். சொல்லலேன்னாலும் விழத்தான் போகுது" என்றாராம். அதன்பிறகு அக்கா தெருவில் யார் முகத்தையும் பார்ப்பதில்லை. அத்தனை பேரும் அப்பாவை நம்பிப் பணம் போட்டவர்கள்.

அந்த மதியம் அவள் எல்லாவற்றையும் அப்பாவிடம் சொன்னாள். "நான் உக்காந்திருக்கிற இடத்தையா நீ ஆராய்ச்சி பண்றே?" என்று அவர் பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிட்டார். ஆனால் மறுநாள் வேலைக்குக் கிளம்பும்போது சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டிருந்தார். அம்மாதான் சரிசெய்து அனுப்பினாள்.

அன்று காலை பாலக்கரையிலிருந்து அப்பாவின் பள்ளித் தோழர், நாங்கள் பாய் என்று கூப்பிடும் தோல் வியாபாரி, மகள் கல்யாணத்துக்குச் சேர்த்த பணத்தோடு வங்கிக்கு வந்தார்.

"இன்னிக்கு வேண்டாம் பாய். வீட்டுக்கு எடுத்துட்டுப் போங்க."

"என்னங்க, பாங்க்லயே பணம் வேண்டாங்கறீங்க?" என்று பாய் சிரித்தார். அப்பா சிரிக்கவில்லை. பின்னால் நின்றவர்கள் அவர் முகத்தைப் பார்த்துவிட்டார்கள். மதியத்துக்குள், போட்ட பணத்தைத் திரும்பக் கேட்டு நின்றவர்களின் வரிசை தெருமுனையைத் தாண்டிவிட்டது. மறுநாள் வங்கியின் இரும்புக் கதவு திறக்கவில்லை.

வீட்டு வாசலில் யாரும் சத்தம் போடவில்லை. அதுதான் பயமாக இருந்தது. ஒருவர் வருவார், கொஞ்ச நேரம் நிற்பார், போய்விடுவார். அடுத்து இன்னொருவர் வருவார். சேர்மன் மதராசுக்குக் குடிபோய்விட்டார். வங்கியை மூழ்கடித்தது அப்பாவின் நாக்குதான் என்று ஊர் முடிவு கட்டியது. அக்கா ஆய்வேட்டை முடித்தாள். 'ஓர் ஊழியர் வைப்புத்தொகையை ஏற்க மறுத்ததைத் தொடர்ந்து' என்று அதில் ஒரு வரி வரும். அதை எழுத அவளுக்கு ஒரு மாதம் ஆயிற்று. பட்டம் கிடைத்தது, பட்டமளிப்பு விழாவுக்கு அவள் போகவில்லை.

பாயின் மகள் கல்யாணத்துக்கு அப்பா தயங்கித் தயங்கித்தான் போனார். பாயே வாசலுக்கு வந்து, "நீங்க இல்லேன்னா இந்தக் கல்யாணமே இல்லீங்க" என்று கையைப் பிடித்து அழைத்துப்போய்ப் பந்தியில் உட்காரவைத்தார். பக்கத்தில் இருந்தவர் எங்கள் தெருக்காரர், அந்த வங்கியில் பணத்தை இழந்தவர். அப்பாவை ஒருமுறை பார்த்தார். பிறகு தன் இலையை மெல்ல மடித்துவிட்டு எழுந்து போனார். அப்பா தலை நிமிராமல், பரிமாறியது அத்தனையையும் சாப்பிட்டு முடித்தார்.