ஜாசினில் மூன்று கோப்பை லிபெரிகா

கிளேபாங்கில் ஒரு காப்பிக் கடை போடுவதென்று நானும் அண்ணியும் முடிவெடுத்து நான்கு மாதம் ஆகிறது. போன சனிக்கிழமை ஜாசினுக்குப் போனது அதற்காகத்தான். அங்கே குமரன் என்பவர் சின்ன அளவில் லிபெரிகா என்னும் காப்பிக்கொட்டையை வறுத்துத் தானே கலவை செய்து விற்கிறார். இந்த நாட்டில் விளையும் கொட்டை. பலாப்பழ வாசனை வரும் என்பார்கள்.

"என்பார்கள்" என்றுதான் என்னால் எழுத முடியும். எட்டு மாதத்துக்கு முன் வந்த காய்ச்சலோடு என் மூக்கு போய்விட்டது. எந்த வாசனையும் தெரியாது, நாக்கு மட்டும் தப்பியது. சிங்கப்பூரில் வேலை செய்யும் என் கணவரிடம்கூடச் சொல்லவில்லை. அண்ணியிடம் எப்படிச் சொல்வது? காப்பி விஷயத்தை மாலா பார்த்துக்கொள்வாள் என்று நம்பித்தான் அவர் வேலையை விட்டார், சேமிப்பையும் எடுத்தார்.

குருபோங்கில் என் வீட்டிலிருந்து காலை 8.40க்கு வாடகைக் கார். முப்பது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல், நாற்பத்தைந்து நிமிடம், 34 வெள்ளி. பஸ்ஸும் உண்டு, ஆனால் காத்திருந்தால் நான் பயந்து வீட்டுக்கே திரும்பியிருப்பேன். செம்பனைத் தோட்டங்களின் வளைவுகளில் அண்ணிக்குத் தலை சுற்றும், கண்ணை மூடிக்கொண்டு வந்தார். நான் பலா, வெல்லம், புகை என்று இணையத்தில் படித்ததையெல்லாம் மனதுக்குள் ஒப்பித்துக்கொண்டிருந்தேன். ருசி பார்க்கும்போது அண்ணி சொல்வதையே கொஞ்சம் மாற்றிச் சொல்லித் தப்பித்துவிடலாம் என்பது என் திட்டம்.

பசாருக்குப் பின்னால் ஒரு கடைவீட்டில் குமரனின் வறுக்கும் அறை. மூன்று கோப்பை வைத்தார். இரண்டில் ஒரே கலவை, ஒன்றில் வேறு. எது வேறு என்று பேசாமல் தாளில் எழுத வேண்டும், அடுத்தவர் தாளைப் பார்க்கக் கூடாது. என் திட்டம் அங்கேயே படுத்துவிட்டது. கோப்பைமேல் குனிந்த குமரன் சட்டென்று நிமிர்ந்தார்.

"யாரு தைலம் போட்டுருக்கா? ரூமே தைல வாசம்லா."

அண்ணி நாக்கைக் கடித்துக்கொண்டார். சென்ட், பவுடர், தைலம் எதுவும் கூடாது என்று குமரன் போனிலேயே எச்சரித்திருந்தார். நானும் அண்ணியிடம் மூன்று முறை சொன்னேன். ஆனால் கார் ஏறித் தலை சுற்றினால் நம் பெண்களின் கை தானாகக் கைப்பைக்குள் போய்விடும். மூக்குக்குக் கீழே தாராளமாகத் தடவியிருக்கிறார்.

"பக்கத்துலயே உக்காந்து வந்தியே மாலா. ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?"

கேட்டுவிட்டு என்னையே பார்த்தார். ஏதாவது பொய் சொல்ல வாயெடுத்தேன், வரவில்லை.

"எனக்கு வாசமே தெரியல அண்ணி. காய்ச்சல் வந்ததுலேருந்து."

அண்ணி எழுந்து முகம் கழுவப் போனார். கடை போச்சு என்று நினைத்தேன். குமரன் ஜன்னலைத் திறந்துவிட்டு, அரை மணி நேரம் கழித்துப் புதிதாகக் காப்பி போட்டார். மூன்றாவது கோப்பையில் கசப்பு முந்திக்கொண்டு வந்தது. நாக்கை நம்பி அதையே எழுதினேன். அண்ணி இரண்டாவது என்று எழுதியிருந்தார். மூன்றாவதுதான் சரி. நான் சந்தோஷப்படுவதற்குள் அண்ணி தன் தாளை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டார்.

போகிறவர்களுக்கு: வார இறுதிக் காலைகளில் மட்டும், முன்பே சொல்லிவிட்டுப் போங்கள். ருசி பார்க்க ஆளுக்கு 15 வெள்ளி, கால் கிலோ கலவை 28 வெள்ளி. கெட்டிப்பால் கேட்டால் கிடைக்காது. போகிற அன்று காலையில் காரமாக எதுவும் சாப்பிட வேண்டாம். மறைக்க ஏதாவது இருந்தால் காரில் ஏறுமுன்பே சொல்லிவிடுங்கள். நான் பட்ட பாடு போதும்.

திரும்பும்போது பாதி வழியில் அண்ணி என் பக்கம் திரும்பினார். கடையைப் பற்றித்தான் கேட்பார் என்று பதில்களைத் தயாராக வைத்திருந்தேன்.

"மாப்பிள்ளயும் ஊர்ல இல்ல. எட்டு மாசமா தனியா கேஸ் அடுப்புல சமைச்சிருக்க. கசிஞ்சிருந்தா உனக்கு எப்புடிடி தெரியும்?"

வீடு வந்ததும் அண்ணி நேராகச் சமையலறைக்குப் போய், மண்டியிட்டு, அடுப்புக்குக் கீழே இருந்த கேஸ் தோம்பை முகர்ந்து பார்த்தார். குனிந்தபடியே சொன்னார்: "கடையில அடுப்புப் பக்கம் நான் நிக்கிறேன். காப்பிய நீ பாரு."