முப்பத்து மூன்று நிமிடம்

தொழிற்சாலையில் எல்லோரும் அவளை லீடரம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். லீடர் என்றதும் பெரிதாக எதையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். தனி அறை கிடையாது, உட்கார நாற்காலிகூடக் கிடையாது. நீலக் கோட்டின் கையில் ஒரு மஞ்சள் பட்டை, அவ்வளவுதான். வேலை நன்றாக நடந்தால் மேனேஜருக்குப் பெயர், கெட்டுப்போனால் மஞ்சள் பட்டைக்குத் திட்டு. இதை அவள் தலையில் கட்டியபோதே வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். பாவி, சொல்லத் தெரியாமல் மாட்டிக்கொண்டாள்.

காருக்குள் ஓடுகிற வயர்களையெல்லாம் ஒரே கட்டாகக் கட்டி அனுப்புவது அங்கே வேலை. ஆளுயரப் பலகைகள் மெதுவாக நகர்ந்து வந்துகொண்டே இருக்கும். ஒருத்தி வயரைப் போடுவாள், அடுத்தவள் கிளிப் மாட்டுவாள், அதற்கடுத்தவள் டேப் சுற்றுவாள். இவள் இருபது வயதில் டேப் சுற்ற வந்தவள். பத்தொன்பது வருஷத்தில் வலது மணிக்கட்டு தேய்ந்துபோய், வீட்டில் குக்கர் மூடியைக்கூட இடது கையால்தான் திறக்கிறாள். இப்போது அவளுக்குக் கீழே அறுபது பெண்கள். அதில் ஒருத்தி அவளுடைய நாத்தனார். கட்டியவனுக்கும் அதே கம்பெனியில் ஸ்டோர்ஸில்தான் வேலை. மொத்தக் குடும்பமும் அந்த ஒரே கூரைக்குக் கீழே பிழைத்தது.

கம்பெனிக்குக் கடல் தாண்டி இன்னொரு தொழிற்சாலை இருந்தது. அதே பலகை, அதே நீலக் கோட்டு, அதே மஞ்சள் பட்டை. தலைமை அலுவலகமோ இரண்டுக்கும் எட்டாத மூன்றாவது தேசத்தில். இரண்டு லீடர்களும் வாரத்துக்கு ஒரு நாள் போனில் பேசி, எந்தக் கட்டு ஏன் பழுதானது என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ள வேண்டும் என்பது சட்டம். அப்படித்தான் அக்கரைக்காரி பழக்கமானாள். அந்தப் பெயரை வைத்தது நாத்தனார். இவள் மொழி அவளுக்குத் தெரியாது, அவள் மொழி இவளுக்குத் தெரியாது. போன்தான் இரண்டையும் மாற்றிச் சொல்லும், அதுவும் ஆண் குரலில், பாடப் புத்தகம் வாசிப்பதுபோல.

"அண்ணி, உங்க அக்கரை மாமா கூப்பிடறார்" என்று நாத்தனார் கிண்டல் பண்ணுவாள்.

பழுதைப் பற்றிப் பேச ஆரம்பித்த பேச்சு முழங்கால் வலிக்குப் போய், பிள்ளைகளுக்குப் போய், மூன்று வருஷத்தில் எங்கெங்கோ போய்விட்டது. அக்கரைக்காரியின் அம்மா இறந்த அன்று, இவள் மொட்டைமாடிப் படியில் உட்கார்ந்து, போனைப் பிடித்துக்கொண்டு கூடவே அழுதாள். அழுகையை மட்டும் அந்தப் போனால் மொழிபெயர்க்க முடியவில்லை. அதற்கு அவசியமும் இருக்கவில்லை.

அப்புறம்தான் புதுக் கார் வந்தது. அதற்கான வேலை ஒரு தொழிற்சாலைக்கு மட்டும்தான். கிடைக்காத இடத்தில் லைனை மூடிவிடுவார்கள். ஒரு கட்டை எத்தனை நிமிடத்தில் முடித்துத் தருவோம் என்று இரண்டு லீடர்களும் தங்கள் கைப்பட எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அப்போது நாற்பத்திரண்டு நிமிடம் ஆகிக்கொண்டிருந்தது.

"நான் எதுக்கு சார் எழுதணும்? நீங்க எழுதுங்க" என்று மேனேஜரிடம் கேட்டாள்.

"தலைமைங்கறது கீழேயிருந்து வரணுமாம். மேலேயிருந்து சொல்லியிருக்காங்க."

இத்தனை வருஷம் இந்தப் பக்கம் எட்டிப் பார்க்காத தலைமை, கழுத்தை அறுக்கிற வேலை வந்ததும் கீழே இறங்கி வந்துவிட்டது.

அன்று சாயங்காலமே அக்கரைக்காரி கூப்பிட்டாள். "முப்பத்தெட்டுக்குக் கீழே நாம் இருவருமே போக வேண்டாம்" என்றது போன். "அதற்குக் கீழே போனால் நம் பெண்கள் கழிவறைக்குக்கூடப் போக முடியாது. இருவரும் ஒரே எண்ணை எழுதினால் அவர்கள் வேலையைப் பங்கிட்டுத்தான் ஆக வேண்டும். எனக்கு வாக்குக் கொடு."

"சத்தியமா. முப்பத்தெட்டுதான்" என்றாள் இவள். மனதாரத்தான் சொன்னாள். அதில் ஒரு துளி பொய் கிடையாது.

எழுதிக்கொடுக்க வேண்டிய நாளில் மேனேஜர் கதவைச் சாத்திக்கொண்டு, "அங்க முப்பத்து நாலு குடுத்துட்டாங்களாம்" என்றார்.

"அவ குடுக்க மாட்டா சார்."

"நம்பலேன்னா விடுங்க. முப்பத்தெட்டுன்னே எழுதிட்டு, லைன்ல நிக்கிற அறுபது பேர்கிட்டயும் நாளைக்கு நீங்களே போய்ச் சொல்லிடுங்க. பத்து நிமிஷம் யோசிச்சிட்டு வாங்க."

வெளியே வந்து தண்ணீர் மிஷின் பக்கத்தில் நின்றாள். போன் கையில்தான் இருந்தது. ஒரே ஒரு தடவை கூப்பிட்டு, "நீ எழுதிட்டியா?" என்று கேட்டால் போதும். கேட்கவில்லை. ஏன் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். இல்லை என்று அக்கரைக்காரி சொல்லிவிட்டால், அதற்குமேல் முப்பத்தெட்டைத் தவிர வேறு எதையும் எழுத முடியாது. கேட்காதவரைக்கும் மேனேஜர் சொன்னதை நம்பலாம். அடடா, தெரிந்துகொள்ளாமல் இருப்பதில்தான் எத்தனை சௌகரியம்! டம்ளரில் பாதித் தண்ணீரைக் குடித்துவிட்டு உள்ளே போய் முப்பத்து மூன்று என்று எழுதினாள்.

நாத்தனார் அன்றைக்கே கேட்டாள். "முப்பத்து மூணா? எங்க கையெல்லாம் என்ன இரும்பா அண்ணி?"

"உனக்கு வேலை வேணுமா, வேண்டாமா?"

நாத்தனார் திரும்பிப் போய் டேப்பை எடுத்துச் சுற்ற ஆரம்பித்தாள்.

இரண்டு வாரம் கழித்து முடிவு வந்தது. வேலை இவர்களுக்குத்தான். லைனே அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டது. கட்டியவன் ஸ்டோர்ஸிலிருந்து ஓடிவந்து, எல்லோர் எதிரிலும் அவள் கையைப் பிடித்தான். மத்தியானம் தலைமை அலுவலகத்தோடு திரையில் கூட்டம், அவளுக்குப் பாராட்டு என்றார்கள். அவள் முகத்தில் மட்டும் ஈயாடவில்லை.

கூட்டத்துக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது போனில் அந்த ஆண் குரலில் ஒரு செய்தி வந்தது. "எங்கள் லைனை மூடுகிறார்கள். நீ முப்பத்து மூன்று எழுதியதாக எங்கள் மேனேஜர் சொல்கிறார். அவர் எப்போதும் இப்படித்தான். நீ முப்பத்து நான்கு கொடுத்துவிட்டாய் என்று முதலிலேயே சொன்னார். நான் அவர் முகத்துக்கு நேரே சிரித்துவிட்டு முப்பத்தெட்டு எழுதினேன். என் பெண்கள் என்னைச் சந்தேகப்படுகிறார்கள். நீ கொடுத்தது எந்த எண் என்று நீயே எழுதி அனுப்பு. அவர்களுக்குக் காட்ட வேண்டும்."

ஒரே பொய்யை இரண்டு பக்கமும் சொல்லியிருக்கிறார்கள். ஒருத்தி சிரித்தாள், ஒருத்தி நம்பினாள். உண்மையைச் சொல்லிவிடத்தான் நினைத்தாள். "மன்னிச்சிடுக்கா" என்று போனில் அடித்தாள், அழித்தாள். திரும்ப அடித்தாள். கடைசியில் போனது இரண்டே வார்த்தை. "முப்பத்தெட்டுதான் அக்கா."

பதில் உடனே வந்தது. "எனக்குத் தெரியும். இப்போதே எல்லோரையும் அழைத்துக்கொண்டு மேனேஜர் அறைக்குப் போகிறேன்."

"போகாதீங்க" என்று அனுப்பினாள். அதை அந்தப் பக்கம் யாரும் பார்க்கவில்லை. அதற்குள் மேனேஜரே வந்து அவளைக் கையோடு கூட்டிக்கொண்டு போய்விட்டார்.

கூட்ட அறைத் திரையில் ஏழெட்டுச் சதுரங்கள், சதுரத்துக்கு ஒரு தொழிற்சாலை. நடுச் சதுரத்தில் தலைமை அலுவலகத்துப் பெரியவர் ஏதோ பேச, அடியில் எழுத்து ஓடியது. உலகம் சுருங்கிவிட்டதாம், தலைமைக்கு இனி எல்லையே இல்லையாம். நாற்பத்திரண்டை முப்பத்து மூன்றாக்கிய துணிச்சலைப் பாருங்கள் என்று அவள் எழுதிக்கொடுத்த தாளையே திரையில் பெரிதாகக் காட்டினார். கீழே அவள் கையெழுத்து. எல்லாச் சதுரங்களிலும் கை தட்டினார்கள்.

ஓரத்துச் சதுரத்தில் அக்கரை மேனேஜர் உட்கார்ந்திருந்தார். அவருக்குப் பின்னால் கதவு திறந்தது. நீலக் கோட்டுகள் திமுதிமுவென்று நுழைந்தன. முன்னால் மஞ்சள் பட்டையோடு அக்கரைக்காரி, போனை உயர்த்திப் பிடித்துக்கொண்டு, ஏதோ சத்தமாகச் சொல்லியபடி வந்தாள். அந்த மேனேஜர் கோபப்படவில்லை. நாற்காலியைக் கொஞ்சம் நகர்த்திக்கொண்டு, விரலால் திரையைக் காட்டினார்.

அக்கரைக்காரி பார்த்தாள். கிட்டே வந்து குனிந்து, தாளைப் பார்த்தாள், கையெழுத்தைப் பார்த்தாள். உயர்த்தியிருந்த கை மெல்ல இறங்கியது. பின்னாலிருந்த ஒரு பெண் அவள் தோளைத் தொட்டு என்னவோ கேட்டாள். அவள் திரும்பவில்லை.

"ரெண்டு வார்த்தை பேசுங்க லீடரம்மா" என்று இந்தப் பக்கத்து மேனேஜர் மைக்கை நீட்டினார். "எல்லாரும் உங்களைத்தான் பார்த்துக்கிட்டிருக்காங்க."